கட்டுச்சோறு படகுக்குப் போர்வை போர்த்தியாகிவிட்டது

என் படகுக்காரி வனஜாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ சிரிப்பாய். இத்தனை வருஷம் தினமும் கேட்டுப் பழகிய வாய், கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போகும். இங்கே நம் எடிசன் ஊரில் இலையெல்லாம் பழுத்துக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்பவேண்டியிருக்கிறது. ஆபீஸில் எல்லாரும், 2000 பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்கிற ஒய்-டூ-கே பயத்தில் பேயறைந்த மாதிரி அலைகிறார்கள். நீ விட்டுப்போன புரோகிராம்களை இப்போது நான்தான் மேய்க்கிறேன். சில இடங்களில் உன்னைத் திட்டவும் செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து மலரில் போடப்போகிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே அங்கங்கே திரும்பச் சொல்வேன். கொட்டாவி விடாமல் கேள். முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய், அதனால் அது கடைசியில்தான்.

சேதி நம் படகைப் பற்றியது. பொள்ளாச்சிக்காரி ஒருத்தியும் கோபிக்காரி ஒருத்தியும் பாதிக்குப் பாதி போட்டு அமெரிக்காவில் படகு வாங்கினார்கள் என்றால் ஊரில் இன்னும் யாரும் நம்புவதில்லை. ஹொபாட்காங் ஏரிக்கு ஆபீஸ் பிக்னிக் போன அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவான் உன்னைக் கொஞ்ச நேரம் படகு ஓட்டவிட்டார். அவ்வளவுதான், உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நம் படகில் போன முதல் நாள், கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சாதத்தை ஏரி நடுவில் உட்கார்ந்து தின்றபோது, "இதுக்குக் கட்டுச்சோறுன்னே பேரு வெச்சரலாம் புள்ள" என்றாய். அடுத்த வாரமே படகின் பின்பக்கம் தமிழில் பெரிதாக எழுதியும்விட்டாய். படகுத்துறையில் யார் அர்த்தம் கேட்டாலும் "பேக்டு லஞ்ச்" என்பாய். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கவே நான் உன் கூட வருவேன்.

இஞ்சினும் ஸ்டியரிங்கும் உன் இலாகா. சோறும் போர்வையும் என் இலாகா. உன் வீட்டுக்காரர் சம்பத்தண்ணாவுக்கு இதில் இலாகாவே கிடையாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. (நான் உனக்கு அக்கா, உன் புருஷனுக்குத் தங்கச்சி. அமெரிக்காவுக்கு வந்தபின் நம் உறவுமுறை எல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டது.)

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை தலை வலிக்கிறது என்று ஆபீஸ் மேஜையில் சாய்ந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

சீசன் முடிந்ததும் படகுத்துறைக்காரர்கள் கட்டுச்சோற்றை ட்ரெய்லரில் ஏற்றி, வழக்கம்போல உன் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அது அங்கே போர்வை இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றது. போன மாசம் சம்பத்தண்ணா போன் பண்ணினார்.

"ஏனுங்க மல்லிகா, ஒண்ணு சொல்லோணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் படகு வேணும்ங்கறாரு. ஞாயித்துக்கெழம பாக்க வர்றாரு. குடுத்தரலாம்னு இருக்கறேன். காலைல கதவத் தொறந்தா மொதல்ல அதுதானுங்க கண்ணுல படுது. என்னால முடியல."

"பாதி என்னுதுங்கண்ணா."

"தெரியுமுங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

அப்படிச் சொல்கிற மனிதரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. படகும் போய்விட்டால் நீ போனது உறுதியாகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனாலும் பயம் பயம்தானே, வனஜா?

அப்போதுதான் எனக்கு அந்தக் குறுக்குப் புத்தி வேலை செய்தது. குளிர்காலத்துக்குப் புகை போட்டு மூடிய இஞ்சினை ஏப்ரல் வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதில்லை. இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்காமல் எந்த அமெரிக்கன் படகு வாங்குவான்? ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதற்குள் நான் சனிக்கிழமையே எல்லாம் முடித்துவிட்டால் விற்பனை ஆறு மாசம் தள்ளிப்போகும். அதற்குள் சம்பத்தண்ணாவின் மனசு மாறலாம், என் மனசும் ஆறலாம்.

"சரிங்கண்ணா, அவரு வரட்டும். ஆனா சனிக்கெழம நான் வந்து குளிருக்கு ரெடி பண்ணீர்றனே? ஆயுத பூஜையோட வருஷா வருஷம் செய்யறதுதானுங்களே" என்றேன், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"ரெடி பண்ணுங்க. பூஜை மட்டும் வேண்டாமுங்க. வருஷம் திரும்பற வரைக்கும் எங்க வீட்ல பண்டிக கெடையாது."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரவியைத்தான் உனக்குத் தெரியுமே, மயிலாப்பூர் நக்கல். "ஏம்மா, அந்த இன்ஜின்ல எது மூக்கு, எது வாய்னாவது உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் சேந்து தெரியாம இருக்கலாம்" என்றேன்.

சனிக்கிழமை காலை போனோம். சம்பத்தண்ணா கதவைத் திறந்தார், காபி வேண்டுமா என்று கேட்டார், சமையலறைக்குள் போய்விட்டார். படகு வேலை நடக்கும் நாளில் அவர் எப்போதும் செய்வது அதுதானே? நான் ஏறி உன் சீட்டில் உட்கார்ந்தேன். உன் காலுக்குத் தக்கபடி முன்னால் இழுத்து வைத்திருந்தாய், என் முட்டி இடித்தது. சரிசெய்ய மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டேன்.

படகைக் குளிருக்குத் தயார் பண்ணுவதற்கு நீ வைத்திருந்த பெயர்கள் எல்லாம் எனக்கு நினைவில் இருந்தன. பெட்ரோல் கெட்டுப்போகாமல் இருக்க டேங்கில் ஊற்றுவது மருந்து. ஓடுகிற இஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சி, உள்ளே துருப்பிடிக்காமல் செய்வது சாம்பிராணி. அப்போது கிளம்பும் வெள்ளைப் புகையில் தெருவே மறைந்துபோகும். இஞ்சினுக்குள் தங்கிய தண்ணீர் பனியில் உறைந்தால் இரும்பையே பிளந்துவிடும் என்பதால், அதை வடித்துவிட்டு ரோஜா நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றவேண்டும். அதற்குப் பெயர் ரோஸ்மில்க். என்னமோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது போலத்தான் பேசுவாய். பெயர்கள் நினைவில் இருந்து என்ன பிரயோஜனம்? எதற்குப் பின் எது என்பது நினைவில் இல்லை.

எப்படியும் இஞ்சின் ஓடத்தானே வேண்டும் என்று சாவியைத் திருகினேன். அது ஒருமுறை உறுமியது. அதற்குள் பின்கதவு படாரென்று திறந்தது. கையில் தோசைக்கரண்டியோடு, வெறுங்காலோடு உன் புருஷன் ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! தண்ணி பைப்ப மாட்டாம இஞ்சினப் போட்டா உள்ள ரப்பரெல்லாம் கருகிப்போயிருமுங்க!"

நிறுத்தினேன். ரவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவர் பாட்டுக்கு வீட்டுப் பின்பக்க மரத் திண்ணையின் அடியில் கிடந்த தோட்டத்துக் குழாயை இழுத்துவந்தார். அதன் முனையில் காதுமூடி மாதிரி இருக்கும் ரப்பர் கிண்ணங்களை இஞ்சின் தண்ணீர் குடிக்கும் துவாரத்தில் கவ்வவைத்தார். குழாயைத் திறந்தார்.

"மொதல்ல மருந்து. மருந்து உள்ள போறதுக்கு அது கொஞ்ச நேரம் ஓடோணும். அப்பறம் ஆயில் மாத்தோணும். அப்பறம் சாம்பிராணி. இஞ்சினு இருமி இருமித் தானா நிக்கற வரைக்கும் அடிக்கோணும், பாதில உட்டா அவளுக்குக் கோவம் வந்துரும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

அவர் சமையலறை ஜன்னலைக் காட்டினார். "வருஷா வருஷம் அங்கிருந்துதானுங்க பாக்கறேன். தண்ணிக்கு நடுவுல போற வண்டி. ஒண்ணு உட்டுப்போச்சுன்னா அவ நடு ஏரில நிக்கோணும். அவ பாத்துக்குவா, ஆனாலும் நானும் ஒருக்கா மனசுக்குள்ள சரிபாத்துக்குவேன்."

அடியே, இது உனக்குத் தெரியுமா? நீ குனிந்து நிமிர்ந்து கையெல்லாம் கறையாக வேலை செய்தபோது, காபி போடுவதாகச் சொல்லிவிட்டு அந்த மனிதர் உள்ளே நின்று உன்னோடு சேர்ந்து ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீருக்கு அவ்வளவு பயந்தவர் உன்னைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு எப்படி நிம்மதியாக இருந்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நிம்மதியாக இல்லவே இல்லை. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, சாம்பிராணிப் புகை வந்து காப்பாற்றியது.

புகை அடங்கும்போது எதிர்வீட்டு டாரதி தன் வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வருஷம் நீ பூசணிக்காயை நடுத்தெருவில் போட்டு உடைத்தபோது, யாரோ ஹாலோவீன் பண்டிகைக்குப் பூசணி உடைக்கும் போக்கிரிகள் என்று போலீஸுக்குப் போன் பண்ணப்போனவள் அவள்தான். இப்போது பொரிகடலைக்காக ஒரு கிண்ணத்தோடு காத்திருக்கிறாள். பூஜை எப்போது என்று சத்தம்போட்டுக் கேட்டாள்.

நான் சம்பத்தண்ணாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "எங்க வீட்ல பண்டிக இல்லீங்க."

"வீட்லதானுங்களே இல்ல? ரோட்டுக்கு இழுத்துட்டுப் போயிரலாம். ரோடு டவுன்ஷிப்போடது. டவுன்ஷிப்புக்கு என்னங்கண்ணா தீட்டு?"

ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். வாய்விட்டு எல்லாம் இல்லை, மீசைக்குள்தான். உள்ளே போய் உன் வேன் சாவியை எடுத்துவந்தார்.

ட்ரெய்லரை வேனில் மாட்டி இழுத்ததும் கட்டுச்சோறு தெருவில் போய் நின்றது. இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய சாமந்தியைக் கட்டி, மூக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு. பெட்ரோல் இருக்கும் இடத்தில் கற்பூரம் கூடாது என்பது உன் சட்டம் அல்லவா? அதனால் வழக்கம்போல டார்ச் லைட்டில்தான் ஆரத்தி. சுற்ற ஆரம்பித்ததும் பேட்டரி தீர்ந்துபோய், டாரதி தன் வீட்டு டார்ச்சை எடுத்துவந்து கொடுத்தாள். சம்பத்தண்ணா டிரைவ்வேயின் கடைசி விளிம்பில், தெருவில் கால் படாமல், கைகட்டி நின்று பார்த்தார். ஆரத்தி முடிந்தபோது அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆரஞ்சுப் பூசணியை ரவி உடைத்தார். வனஜா இன்னும் ஓங்கிப் போடுவாள் என்று டாரதி குறை சொன்னாள்.

பிறகுதான் வினை. இழுத்துக்கொண்டு போன ட்ரெய்லரை ரிவர்ஸில் டிரைவ்வேக்குள் விடவேண்டுமே! சம்பத்தண்ணா முயன்றார், அது புல்வெளிக்குள் போயிற்று. ரவி முயன்றார், அது தெருவோரக் கம்பத்தில் நிற்கும் உன் வீட்டுத் தபால்பெட்டியில் மோதியது. "நான் இடதுபக்கம் திருப்பினா அது ஏன் வலதுபக்கம் போகுது? உன் ஃப்ரெண்டோட படகுக்கு உன் குணம்தான்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் அவரை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினேன். நீ எப்படி உட்கார்வாய் என்று யோசித்தேன். ஸ்டியரிங்கின் அடியில் ஒரு கை, தலை திரும்பிப் பின்னால், வாயில் ஒரு சீரக மிட்டாய். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறாயோ அந்தப் பக்கம்தான் ட்ரெய்லர் போகும். அது போயிற்று, வனஜா! கொஞ்சம் கோணல்தான், ஆனால் போயிற்று. டாரதி கைதட்டினாள். தபால்பெட்டி இப்போது தபால்காரரைப் பார்த்துத் தலைசாய்த்துக்கொண்டு நிற்கிறது.

மீதி என் இலாகா. ரோஸ்மில்க்கை அதற்கு முன்பே சம்பத்தண்ணா தன் கையாலேயே ஊற்றியிருந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான் எலிக்காகப் பழைய சேலைத்துணியில் பாச்சை உருண்டைகளை முடிந்து மூலைக்கு மூலை வைத்தேன். படகின் அடித்துவாரத்துப் பித்தளை மூடியைக் கழற்றினேன், பனி உருகி உள்ளே தேங்காமல் வடிந்து போவதற்காக. தொலைந்துபோகக் கூடாது என்று அதைச் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைப்பதும் உன் சட்டம்தான். அந்தச் சட்டத்தால் ஒரு வசந்தகாலத்தில் என்ன ஆயிற்று என்று இவர்களுக்குச் சொல்லட்டுமா? மூடி எடிசனில் சாமிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது, படகு ஹொபாட்காங் ஏரிக்குள் இறங்கிவிட்டது. கணுக்கால் வரை தண்ணீர். உன் துப்பட்டாவைச் சுருட்டி ஓட்டையில் திணித்துக்கொண்டு, "வீட்ல சொல்லீராத அக்கா" என்றாய். காரியம் ஆகவேண்டிய நேரத்தில் மட்டும் நான் அக்கா.

போர்வையை விரிக்கலாம் என்று ரவியும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபோது சம்பத்தண்ணாவைக் காணோம். வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்த்தோம், இல்லை. படகுக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தால் உன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். உன் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டைத் தரையில் நிற்கும் படகில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அது அவருக்கு வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது.

ரவி தன் கையிலிருந்த போர்வை முனையை மெல்லக் கீழே வைத்தார்.

"தரையில இருக்கறப்பவே ஏறிப் பழகிக்கறனுங்க" என்றார் சம்பத்தண்ணா, எங்களைப் பார்க்காமல். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "நீங்க எதுக்கு சனிக்கெழமையே வர்றேன்னீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க மல்லிகா. ரோஸ்மில்க் குடுத்த இஞ்சின ஞாயித்துக்கெழம யாரு வந்து ஓட்டிப்பாக்கறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா நீங்களே ஊத்தினீங்க?"

"அவ இருந்தா ஊத்தாம உட்ருப்பாளா?"

இறங்கிப்போய் அந்த ஆபீஸ்காரருக்குப் போன் பண்ணினார். படகு விற்பதற்கில்லை, மன்னிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் திறந்த ஜன்னல் வழியாக நாங்கள் கேட்டோம். அதே ஜன்னல்தான். அடுத்த போன் காலேஜில் இருக்கும் உன் பெண் நித்யாவுக்கு. சந்தோஷத்தில் அவள் போட்ட கூச்சல் டிரைவ்வே வரைக்கும் கேட்டது. இதுதான் நான் கடைசிக்கு வைத்திருந்த சேதி.

போர்வையை நான்தான் கட்டினேன். உன் பச்சைச் சுங்குடியைக் கிழித்துக் கயிறாகத் திரித்து, நீ காட்டிக்கொடுத்த முடிச்சுப் போட்டேன். போர்வை முதலில் காற்றுக்கு உப்பியது, பிறகு அடங்கிவிட்டது. சம்பத்தண்ணா பித்தளை மூடியைக் கழுவித் துடைத்து, சாமி அலமாரியில் வைக்க எடுத்துக்கொண்டு போனார். போனவர் திரும்பிவந்து, பெரியவர்களுக்கு நீச்சல் எங்கே சொல்லித்தருகிறார்கள் என்று ரவியைக் கேட்டார். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் போகிறார். இன்னும் ஆழமில்லாத பக்கத்தில்தான் இருக்கிறார், சுவரைப் பிடித்த கையை விடுவதில்லையாம். நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரி, ஆனால் சத்தமாகச் சிரிக்காதே, அவர் ரோஷக்காரர்.

ஏப்ரலில் கட்டுச்சோற்றைத் தண்ணீரில் இறக்குவோம். சோறு கட்டும் முன், கார் சாவியைத் தொடும் முன், சாமி அலமாரியிலிருந்து அந்த மூடியை எடுத்து என் கையில் வைத்துக்கொள்வேன். உன் புருஷனை உன் சீட்டில் உட்காரவைத்து, தண்ணீர் குழாய் முதல் சாம்பிராணி வரை ஜன்னலுக்குள் நின்றே சரிபார்த்த அந்த மனிதருக்கு நடு ஏரியைக் காட்டுவேன். அவர் பத்திரத்துக்கு நான் பொறுப்பு. இது சத்தியம், வனஜா.

உனக்குக் காரியம் இல்லாத நாளிலும்
உன் அக்காவாகவே இருக்கும்,
மல்லிகா